உத்தியோகம் அளிக்கும் யந்திரம்

பெரிய கம்பெனிகள் பலவற்றில் இன்று உத்தியோக விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவது கணிப்பொறியே. யந்திரத்திற்குப் பாரபட்சம் கிடையாதென்று நம்புவோர் அமேஸான் கம்பெனியின் அனுபவத்தை நோக்குவார்களாக. பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அக்கம்பெனி ஒரு யந்திரத்தைப் பழக்கிற்று. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ஆதலால் அது ஸ்திரீகளைத் தாழ்த்தி மதிப்பிட்டது. கம்பெனி அதைக் கைவிட்ட செய்தி 2018-ல் வெளியாயிற்று. பழைய அநீதியே யந்திரத்திற்குப் பாடமாயிற்று.

நியூயார்க் நகரம் இத்தகைய யந்திரங்களை வருஷந்தோறும் சோதிக்க வேண்டுமென்ற விதியை 2023-ல் அமலுக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய யூனியனின் 2024-ம் வருஷத்துச் சட்டம் இவற்றை அபாயம் மிகுந்தவையென வகுத்தது. ஜாதியையும் மதத்தையும் பெயரே காட்டிக்கொடுக்கும் நம் தேசத்தில் இவ்வபாயம் பன்மடங்காகும்.

நாம் கோருவன இரண்டு: யந்திரம் சோதனைக்குட்பட வேண்டும், தள்ளப்பட்ட வாலிபனுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் சட்டசபை அங்கத்தினரும் இதற்காகக் கிளர்ச்சி செய்வார்களாக.