நோயுற்ற பெற்றோரும் சிறு மக்களும்

சொந்த ஊரில் இல்லத் தலைவி நோயுற்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி உண்டு. அத்தையும் சித்தியும் உண்டு. பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம்மவர் பலருடைய இல்லங்களில் அந்த நிழல் இல்லை. இரண்டு அறை வீடு. அலுவலகம் செல்லும் கணவர். பள்ளி செல்லும் குழந்தை ஒன்று. இடுப்பை விட்டு இறங்காத குழந்தை மற்றொன்று. இத்தகைய குடும்பத்தில் தாய்க்குப் புற்றுநோய் என்று மருத்துவர் உரைத்தால், 'இக்குழந்தைகளை யார் பார்ப்பார்கள்?' என்ற கவலையே அவளை முதலில் வாட்டும். தந்தைக்கு நோய் வரினும் நிலைமை வேறன்று. உடலுக்குரிய வழியை மருத்துவர் கூறுவர். குழந்தைகளைக் காக்கும் வழி பற்றிச் சில செய்திகளை இங்கு எடுத்துரைப்போம்.

மறைத்தல் நன்றோ?

குழந்தைகளிடம் எதையும் சொல்லாமல் மறைப்பதே நம்மிடையே பெருவழக்கு. 'அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்' என்று கூறி விடுகிறோம். நோக்கம் நல்லதே, பயன்தான் நல்லதன்று. சிறிய வீட்டில் எந்தப் பேச்சும் இரகசியமாக நிற்பதில்லை. தொலைபேசியில் தணிந்த குரலும், திடீரென நின்றுபோகும் உரையாடலும், கலங்கிய கண்களும் குழந்தைக்கு எல்லாவற்றையும் அறிவித்து விடுகின்றன. அறியாததைத் தன் கற்பனையால் அது நிரப்பிக்கொள்ளும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், தாங்கள் செய்த குறும்பினால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று எண்ணுவதும் உண்டு. யாரிடமும் சொல்லாமல் அந்தப் பாரத்தைச் சுமக்கும் பிஞ்சு நெஞ்சத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆதலால் உண்மையைச் சிறு சிறு கவளமாக ஊட்டுவதே தக்கது. நான்கு செய்திகள் இன்றியமையாதவை. நோயின் பெயர் இன்னது. அது உன்னால் வந்ததன்று. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயுமன்று. நான் மருத்துவமனையில் இருக்கும்போது உன்னை இன்னார் பார்த்துக்கொள்வார். இவற்றை ஒருமுறை சொன்னால் போதாது. குழந்தை கேட்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

'அம்மா, நீ செத்துப் போவாயா?' என்று ஒரு நாள் குழந்தை கேட்கலாம். அதை அதட்டி அடக்குதல் தவறு. உறுதியில்லாத வாக்குறுதி அளிப்பதும் தவறு. 'நான் குணமடைய வேண்டுமென்றே மருத்துவர்கள் மருந்து கொடுக்கிறார்கள். நானும் அதை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன். எது மாறினாலும் உன்னிடம் சொல்வேன்' என்று கூறலாம். இதில் பொய்யுமில்லை, குழந்தையைக் கைவிடுதலும் இல்லை.

சிகிச்சைக் காலத்தில்

கீமோதெரபி எனும் மருந்துச் சிகிச்சை பெரும்பாலும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல சுற்றுகளாக அளிக்கப்படும். முடி உதிர்க்கும் மருந்தாயின், முதற் சுற்றுக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். இதனைக் குழந்தைக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒரு நாள் காலையில் திடீரெனக் கண்டு திகைப்பதைவிட, தலையில் கட்டும் துணியின் நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது குழந்தைக்கு எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அந்நாட்களில் குழந்தையின் சளியும் காய்ச்சலும் தாய்க்குத் தீங்காகலாம். பள்ளியிலிருந்து வந்தவுடன் கைகழுவுதல் வீட்டின் சட்டமாகட்டும். சின்னம்மையோ தட்டம்மையோ கண்ட பிள்ளையோடு குழந்தை பழகியிருப்பின் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். தாய்க்கு 100.4 பாகை ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், இரவாயினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அந்த இரவில் குழந்தைகளோடு யார் தங்குவார் என்பதை முன்னரே உறுதி செய்து வையுங்கள்.

மருந்து செலுத்திய பின் இரண்டு நாட்கள் வரை நோயாளரின் வாந்தி, சிறுநீர் முதலியவற்றைக் குழந்தைகள் தொடலாகாது. இச்சிகிச்சையின்போது தாய்ப்பால் ஊட்டலாகாது. எனினும் குழந்தையை அணைத்துக்கொள்ளத் தடையில்லை. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்வீச்சுச் சிகிச்சையால் உடலில் கதிர் தங்குவதில்லை. அன்று மாலையே குழந்தையை அருகில் இருத்திக் கதை சொல்லலாம். தைராய்டுப் புற்றுக்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர் மட்டும், மருத்துவர் குறித்த நாட்கள் வரை சிறு குழந்தைகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது குழந்தையை வீணாக விலக்கி வைத்தல் இருவர்க்கும் துன்பமே.

ஊருக்கு அனுப்பலாமா?

வெளியூர்வாழ் குடும்பங்களை மிகவும் வருத்தும் வினா இதுவே. சிகிச்சை முடியும் வரை பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுவிடலாம் என உறவினர் அறிவுரை கூறுவர். சில வேளைகளில் வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆயினும் தாய் நோயுற்ற வேளையில் வீடு, பள்ளி, தோழர் அனைத்தையும் ஒருங்கே இழக்கும் குழந்தை, தான் தண்டிக்கப்பட்டதாகவே கருதக்கூடும். இந்தியிலோ மராத்தியிலோ பயின்ற பிள்ளைக்கு ஊர்ப்பள்ளியின் தமிழ்ப் பாடமும் புதிய சுமையாகும். இயன்றவரை பாட்டியையோ சித்தியையோ இங்கு வரவழைத்தலே நன்று. அனுப்பியே தீரவேண்டுமெனில், எத்தனை நாள் என்பதைச் சொல்லி, நாட்காட்டியில் குறித்துக் கொடுத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் முகம் காட்டிப் பேசுங்கள்.

குழந்தைக்கு ஆறுதல் தருவது பெரிய பரிசுகள் அல்ல. உணவும் உறக்கமும் பள்ளியும் வழக்கம்போல் நடப்பதேயாகும். எனவே தந்தைமார் சமைக்கவும் பெண்குழந்தைக்குச் சடை பின்னவும் கற்றுக்கொள்ளட்டும். வகுப்பாசிரியருக்குச் செய்தியைத் தெரிவித்துவிட்டால், பிள்ளையின் சோர்வையும் முரண்டையும் அவர் புரிந்துகொள்வார்.

கிடைக்கும் உதவிகள்

மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941 முதல் பணியாற்றி வருகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. 2012-இல் அமைக்கப்பெற்ற தேசியப் புற்றுநோய் இணையத்தில் இன்று நாடெங்கும் 300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. குழந்தைகளைப் பிரிந்து தொலைவூர் செல்லுமுன், அருகிலேயே அச்சிகிச்சை கிடைக்குமா என்று வினவுதல் நலம்.

பயணம் தவிர்க்க இயலாதாயின், மருத்துவமனைச் சான்றிதழ் பெற்ற புற்றுநோயாளருக்கு இரயில்வே கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதிப் பெட்டியிலும் நோயாளருக்கு முழுக் கட்டணமும், உடன் செல்லும் ஒருவருக்கு முக்கால் பங்கும் தள்ளுபடியாகும்.

சங்கத்தின் கடமை

அன்பர்களே! நோயுற்ற குடும்பத்தைக் காணக் கூட்டமாகச் சென்று, குழந்தைகள் எதிரிலேயே பெருமூச்செறிவது உதவியாகாது. செவ்வாயன்று இரவு உணவு ஒருவர். பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல் ஒருவர். மருத்துவமனை நாளில் பிள்ளைகளைத் தம் வீட்டில் உறங்க வைத்தல் ஒருவர் என முறை வகுத்துக்கொள்ளுங்கள். 'ஏதேனும் வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று கூறி வருவதினும், இன்ன நாளில் இன்னது செய்வேன் என்று கூறிச் செய்வதே சிறந்தது. ஊரில் உறவு செய்யும் பணியை இங்கு நட்பே செய்தாக வேண்டும். மருந்தின் களைப்பில் படுத்திருக்கும் தாய், அடுத்த வீட்டில் தன் குழந்தை சிரிப்பதைக் கேட்டு நிம்மதியாகக் கண்ணயரட்டும். சங்கம் என்று ஒன்று இருப்பதன் பொருள் அதுவே.