வண்ண இலை கோலியஸ்: ஒரு தொட்டி வாங்கினால் போதும்

நர்சரியில் கண்ணைக் கவர்ந்த கோலியஸ் செடி, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் வெளுத்து வாடிவிடுவதுண்டு. நம் ஊர் வெயிலுக்கு இது ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல வீடுகளில் இதைக் குரோட்டன்ஸ் என்று நினைத்து மொட்டை மாடியில் வைப்பதுதான் காரணம்.

இரண்டும் வேறு வேறு. குரோட்டன்ஸின் தண்டு கெட்டியானது; வெயிலைத் தாங்கும். கோலியஸோ துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இளந்தண்டைத் தொட்டுப் பார்த்தால் உருண்டையாக இராது. நான்கு பட்டையாக இருக்கும்.

இதற்குக் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும். மதிய வெயிலில் இலையின் ஓரம் கருகும். முழு நிழலில் வைத்தாலோ நிறம் மங்கி, தண்டு மட்டும் நீளும். கிழக்குப் பார்த்த வராண்டா ஏற்ற இடம்.

செம்மண், மட்கிய தொழு உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்ப வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

செடி அரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதர்போல அடர்த்தியாகும். பூங்கதிர் தலைகாட்டினால் அதையும் கிள்ளிவிடலாம். பூத்து விதை பிடித்தால் இலைகளின் செழிப்புக் குறையும்.

எவ்வளவு கவனித்தாலும் ஓரிரு ஆண்டுகளில் தாய்ச்செடி முதிர்ந்து, அடித்தண்டு மொட்டையாகிவிடும். அதற்குள் நான்கு அங்குல நுனித் தண்டைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, கீழ் இலைகளை நீக்கி, ஒரு கிளாஸ் தண்ணீரில் நிற்க வைப்போம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால், இரண்டு வாரத்துக்குள் வேர் விடும். வேர் ஓர் அங்குலம் வளர்ந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். விதையில் முளைப்பவை வேறு வேறு நிறத்தில் வரக்கூடும். தண்டில் வளர்வது தாய்ச்செடியின் நிறத்தையே கொண்டிருக்கும். மீண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அண்டை வீட்டார் கேட்டாலும் ஒரு தண்டு ஒடித்துக் கொடுக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. சளிக்கு நாம் கொடுக்கும் கற்பூரவல்லியும் கோலியஸ் இனம்தான். அதனால் இந்த வண்ண இலையையும் மருந்தென்று கருதி, குழந்தைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. பூனைகள் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். குழந்தைகளும் பூனைகளும் உள்ள வீடுகளில் தொட்டியைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதே நல்லது.