மீராவின் முகத்தில் விழுந்த ஒளி



தென்காசியை அடுத்த குற்றாலத்தில் வாழ்ந்து, கம்பன் கவியின் சுவையைப் பலரும் அறியச் செய்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் ஆப்த நண்பரான கல்கி பாடல் எழுதி, எம். எஸ். சுப்புலட்சுமி நாயகியாக நடித்து, 1945-இல் வெளிவந்த ‘மீரா’ என்னும் தமிழ்ச் சித்திரத்தை டைரக்ட் செய்தவர், தமிழறியாத எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் ஆவார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்ற அவர், கதாநாயகியின் சிரசைப் பிளாஸ்டரில் வார்ப்பித்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து, எத்திசையிலிருந்து வெளிச்சம் விழுந்தால் பக்திபாவம் பிரகாசிக்கும் என்று முன்கூட்டியே பரீட்சித்துப் பார்த்தார். 1933-ஆம் ஆண்டின் ‘குயின் கிறிஸ்டினா’ படத்தை, வசனம் ஏதுமின்றி, கிரேட்டா கார்போவின் முகம் ஒன்றைக் கொண்டே நிறைவு செய்த ஹாலிவுட்டின் வித்தையும் இதுவேயாகும். அக்காலத்து ஹாலிவுட் படங்களிலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்கது வாட்போரும் மாளிகை ஜோடனையும் அல்ல, முகத்தை ஒளியால் பேசவைக்கும் இந்தப் பொறுமையே என்பது பழம்படப் பிரியர்களின் துணிபு. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து, அருவியாடிவிட்டு மாலைப் பொழுதை விடுதியில் கழிக்கும் ரசிகர்கள் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பார்களேயானால், அத்துணிபின் நியாயம் தாமே விளங்கும்.