மீனவர் இல்லாமல் மீன் பிடிக்கும் வலை

வலை என்றால் அதை விடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இழுப்பதற்கும் ஆள் வேண்டும். ஆனால் விட்டவர் கைவிட்டுப் போன பின்பும் ஒரு வலை ஆண்டுக்கணக்கில் தானாகவே மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அந்த மீனை எடுப்பாரும் இல்லை, உண்பாரும் இல்லை. இத்தகைய வலைக்குப் 'பேய்வலை' என்று பெயர். பெயரில் பேய் இருந்தாலும் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. எல்லாம் நைலானின் குணந்தான்.

முற்காலத்தில் பருத்தி நூலாலும் சணலாலும் வலை பின்னினார்கள். அவை நீரில் மட்கிவிடும். அதனால் நம் நாட்டு மீனவர்கள் வலையைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து, வெயிலில் உலர்த்திக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அத்தகைய வலை கடலில் தொலைந்து போனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தில் நைலான் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது வலைக்கும் வந்தது. நைலானை நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாது. கரையில் கிடந்தால் வெயிலின் புறஊதாக் கதிர்கள் அதை மெல்ல நைந்துபோகச் செய்யும். ஆழ்கடலின் இருட்டில் அதுவும் இல்லை. மீனவருக்கு வரமாக வந்த உறுதி, தொலைந்த வலையிலும் அப்படியே நிலைத்திருக்கிறது.

ஐரோப்பாவின் வடகடலை எடுத்துக்கொள்வோம். அதன் தென்பகுதியில் அடித்தளம் பெரும்பாலும் மணல். மணலில் ஒட்டி வாழும் உயிர்கள் பற்றிக்கொள்ளக் கெட்டியான இடம் அரிது. அந்த இடத்தை அங்கே தருபவை மூழ்கிய கப்பல்கள். 1914 செப்டம்பர் 22 அன்று யு-9 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல், அபூக்கீர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் மூழ்கடித்தது. 1,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல்கள் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் இன்றும் கிடக்கின்றன. இப்படிப்பட்ட இரும்புக் கூடுகளின் மேல் கடற்சாமந்திகள் படர்கின்றன. இடுக்குகளில் நண்டும் சிங்க இறாலும் குடியேறுகின்றன. காட் மீன்கள் கூட்டமாக வந்து தங்குகின்றன.

மீன் கூடும் இடத்திற்கு மீனவர் வருவது இயல்பு. வலை இரும்பில் மாட்டிக்கொண்டால், இழுத்துப் பார்த்துவிட்டு அறுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. வேண்டுமென்று யாரும் வலையை இழப்பதில்லை. அது அவருடைய முதல்.

அறுந்த வலையின் கண்ணில் ஒரு மீன் தலையை நுழைக்கிறது. முன்னே போக உடல் பருமன் விடாது. பின்வாங்கினால் நூல் செவுளில் மாட்டிக்கொள்ளும். அந்த மீன் சாகிறது. அதைத் தின்ன நண்டு வருகிறது, நண்டும் சிக்குகிறது. நண்டைத் தேடிப் பெரிய மீன் வருகிறது. செத்தவையே அடுத்தவற்றுக்கு இரையாக அமைவதால், வலையில் இரை வைக்க ஆளே தேவையில்லை.

இவ்வலைகளை அறுத்தெடுக்க, ஊதியம் பெறாமல் விடுமுறை நாட்களில் கடலுக்குள் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் பொழுதுபோக்காக மூழ்கிய கப்பல்களைப் பார்க்கப் போன முக்குளிப்பவர்களில் சிலர் இப்பணியில் ஈடுபட்டனர். 2012-இல் 'கோஸ்ட் ஃபிஷிங்' என்ற பெயரில் ஓர் அமைப்பும் உருவாயிற்று. இப்போது அதன் பெயர் 'கோஸ்ட் டைவிங்'.

வடகடலில் ஏற்றவற்ற நீரோட்டம் வலிமையானது. நீர் திசை மாறும் முன் சிறிது நேரம் அடங்கி நிற்கும். அந்த நேரத்தில்தான் வேலை. குளிரும் கலங்கலும் வேறு. நீரில் 10 மீட்டர் இறங்கும்தோறும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. எனவே 30 மீட்டரில் மொத்தம் 4 வளிமண்டல அழுத்தம். அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப் போல் நான்கு மடங்கு காற்றைச் செலவழிக்கும். மேற்பரப்பில் ஒரு மணி நேரம் வரும் உருளை அங்கே கால் மணியில் தீர்ந்துவிடும். அதனால் பெரிய உருளைகளையோ, வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் தரும் கருவியையோ கொண்டு செல்கிறார்கள்.

கத்தியால் வலையை அறுத்தாயிற்று. எப்படி மேலே கொண்டுவருவது? இங்கே நீங்கள் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம் உதவுகிறது. 100 கிலோ நைலான் வலையும், அதன் அடிக்கயிற்றில் 20 கிலோ ஈயமும் இருப்பதாகக் கொள்வோம். நைலானின் ஒப்படர்த்தி சுமார் 1.14, கடல்நீரினுடையது 1.025. கணக்கிட்டுப் பாருங்கள்: 100 கிலோ நைலான் நீருக்குள் ஏறத்தாழ 10 கிலோ எடைதான் காட்டும்! ஆனால் 20 கிலோ ஈயமோ 18 கிலோவுக்கு மேல் காட்டும். ஆக 28 கிலோ. அடியில் வாய் திறந்த ஒரு தூக்குப்பையை வலையில் கட்டி, உருளையிலிருந்து சுமார் 28 லிட்டர் இடம் அடைக்கும் அளவு காற்றை விட்டால் வலை கிளம்பிவிடும்.

கிளம்பிய பின்புதான் ஆபத்து. வலை ஏற ஏற அழுத்தம் குறைகிறது. பாயில் விதிப்படி காற்றின் கனஅளவு பெருகுகிறது. 30 மீட்டரில் 28 லிட்டராக இருந்த காற்று, 10 மீட்டரில் 56 லிட்டர். நீர்மட்டத்தில் 112 லிட்டர். பையின் வாய் திறந்திருப்பதால் கொள்ளாத காற்று வழிந்துவிடும், பை வெடிக்காது. ஆனால் தூக்கும் விசை இரு மடங்கு, மூன்று மடங்கு என வளர்வதால் வலை வரவர வேகமாகப் பாய்கிறது. அந்நேரம் ஒருவருடைய கால் துடுப்போ உருளையின் குழாயோ வலைக்கண்ணில் மாட்டியிருந்தால் அவரும் அதோடு போவார். அவர் நுரையீரலில் உள்ள காற்றும் அதே விதிப்படி விரியும். பயத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரலே கிழியும். இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜனும் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழிகளாக வெளிவரும். வலையைத் தூக்கித் தரும் அதே விதி ஆளையும் கொல்லக்கூடும் என்பதைத் தெரிந்துதான் இவர்கள் இறங்குகிறார்கள்.

ஆகவே இதில் அவசரத்திற்கு இடமில்லை. தனியாக யாரும் இறங்குவதில்லை. ஒருவர் அறுக்கும்போது மற்றவர் அவரையும் வலையையும் கவனிப்பார். கடைசி இழையை அறுப்பதற்கு முன் எல்லோரும் விலகி நிற்க வேண்டும். மேலே செல்லும் பைக்கு அடியிலும் நிற்கக் கூடாது. பை கவிழ்ந்தால் வலை திரும்பி மேலேயே விழும்.

நீருக்குள் 28 கிலோவாக இருந்தது, நீரை விட்டு வெளியே வந்ததும் தன் முழு எடையைக் காட்டும். ஈரமும் மணலும் ஒட்டிய சிப்பிகளும் சேர்ந்து 120 கிலோவையும் தாண்டும். படகிலிருப்பவர்கள் பாரந்தூக்கியால் அதை ஏற்றுகிறார்கள். உயிரோடிருக்கும் நண்டுகளை முதலில் விடுவித்துக் கடலில் விடுகிறார்கள். பின் ஈயம் தனி, கயிறு தனி, நைலான் தனி.

'நைலான் 6' என்ற வகை வலையாக இருந்தால் அதற்கு மறுபிறவி உண்டு. ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவில் உள்ள ஓர் ஆலையில், அதன் நீண்ட மூலக்கூறுகளைச் சிதைத்து, கேப்ரோலாக்டம் என்ற மூலப்பொருளாக்கி, மீண்டும் புது நூலாக நூற்கிறார்கள். வடகடல் வலை காலுறையாகவும் தரைவிரிப்பாகவும் மாறுகிறது. பாலிஎத்திலீன் வலைக்கு இந்த வழி கிடையாது.

ஒரு வலையை ஒரே மூழ்கலில் எடுத்துவிட முடிவதில்லை. பாதி அறுத்திருக்கும்போதே நீரோட்டம் திரும்பிவிடும். மீதியை அப்படியே விட்டு, படிப்படியாக நின்று நின்று மேலேறி வந்துவிடுகிறார்கள். அடுத்து நீர் அடங்கும்வரை, சில வேளை காற்று தணியும் அடுத்த வாரம்வரை, அந்தப் பாதி வலை கப்பல்மேல் தொங்கியபடி மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.