மட்டக்களப்பு என்னுஞ் சொல்லும் கணினியின் நினைவகமும்

எழுத்தெண்ணிப் படிப்பார்க்கு 'மட்டக்களப்பு' எட்டெழுத்துச் சொல்லாகும். பைதன் என்னும் கணினிமொழியோ அதன் நீளத்தைப் 12 என்று கூறும். அச்சொல் நினைவகத்திற் கொள்ளும் இடம் 36 பைற்று. இம்மூன்று எண்களையும் ஒன்றெனக் கொள்ளுதலால், பைதனிலிருந்து சி மொழிச் செயற்கூறுகளை அழைப்போர் பெருந்தொல்லைக்கு ஆளாகின்றனர்.

இவ்வேறுபாடு எழுமாறு யாங்ஙனமெனின், 1991இல் வெளிவந்த யுனிக்கோட்டு முறை உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்வதில்லை. அகரமேறிய மெய் ஓர் அலகு. புள்ளியும் உகரக்குறி முதலியனவும் தனித்தனி அலகுகள். ஆகவே எட்டு பன்னிரண்டாயிற்று. கென் தொம்சனும் றொப் பைக்கும் 1992இல் வகுத்த யூ.ரி.எப்-8 முறையிலே ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைற்றிலும், தமிழலகு ஒவ்வொன்றும் மூன்று பைற்றிலும் அடங்கும். பன்னிரண்டு முப்பத்தாறாயிற்று.

டெனிஸ் றிச்சி 1972ஆம் ஆண்டளவில் ஆக்கிய சி மொழி எழுத்தை அறியாது, பைற்றையே அறியும். சொல்லின் முகவரியைச் சுட்டி என்னும் பெயராற் பெற்று, சுழியப் பைற்றைக் காணுமளவும் படியெடுத்துச் செல்லும். எனவே நம் ஊர்ப்பெயருக்கு வேண்டிய இடம் 37 பைற்று.

இனி, வாவியைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களைச் சேமிக்கும் நிரலொன்று உளதெனக் கொள்க. பைதன் பெயரையும் அதன் நீளத்தையும் அனுப்ப, சி செயற்கூறு நீளத்தோடு ஒன்றைக் கூட்டி அவ்வளவு இடங்கேட்டுப் பெற்று, பெயரை அங்கே படியெடுக்கின்றது. பெயரை ஆங்கிலத்தில் எழுதினாற் பத்தெழுத்து, பத்துப் பைற்று, குறையொன்றுந் தோன்றாது. தமிழில் எழுதினாலோ 13 பைற்றுக் கேட்ட இடத்திலே 37 பைற்று எழுதப்படும்.

இன்னும் வியப்பானது, 'கல்லடி' என்னும் பெயர் இடரின்றி நடைபெறுதலாம். அதற்கு 7 பைற்றே கேட்கப்படுகின்றது; எழுதப்படுவதோ 19. எனினும் 64 பிற் லினக்சுக் கணினிகளில் வழங்கும் குனு சி நூலகம் எவ்வளவு சிறிதாகக் கேட்பினும் 24 பைற்றுக்குக் குறையாது கொடுத்தலின் பிழை மறைந்துவிடுகின்றது. 'ஏறாவூர்' 22 பைற்றோடு தப்பிவிடும். மட்டக்களப்போ அவ்வெல்லையையும் 13 பைற்றாற் கடந்து, அடுத்த துண்டத்தின் அளவு குறிக்கப்பட்ட இடத்தை அழித்துவிடும்.

படுவான்கரை வயல்களில் ஒருவர் பாய்ச்சிய நீர் வரம்புடைத்து அயல்வயலிற் புகின் அன்றைக்கே வழக்கு வந்துவிடும். நினைவகத்தில் அவ்வாறன்று. எழுதியபோது நிரல் வாளாவிருக்கும். நெடுநேரங் கழித்து வேறொரு துண்டத்தை விடுவிக்கும்போதே வீழும். பைதனில் 2012 முதல் உள்ள 'போல்ற் ஹான்ட்லர்' வீழ்ந்த வரியைக் காட்டும். ஆனால் அவ்வரி பெரும்பாலும் குற்றமற்றதாகவே இருக்கும். அவ்வரியைத் திருத்த முயன்று நாட்களை இழப்போர் பலர்.

மெய்யான இடத்தைக் காட்டவல்லவை வல்கிரைன்ட், அட்ரஸ் சானிரைசர் என்னும் கருவிகள். இவை கேட்ட அளவையே எல்லையாக வைத்துக் காவல்செய்வன. ஆதலின் மட்டக்களப்போடு கல்லடியையும் பிடித்துவிடும். எங்கே வரம்பு மீறப்பட்டது, அத்துண்டம் எங்கே பெறப்பட்டது என்னும் இரண்டையும் கூறும். பிந்தியதைப் பயன்படுத்துவோர் சி நூலகத்தை அதற்கேற்ப மீளத் தொகுத்தலோடு, பைதன் தொடங்குமுன்னரே அக்கருவியின் துணைநூலகத்தையும் ஏற்றுதல் வேண்டும். இஃதறியாது கருவியையே பழிப்பாருமுளர்.

திருத்தம் மிகச் சிறிது. பெயரை முதலில் யூ.ரி.எப்-8 பைற்றுக்களாக மாற்றி, மாற்றியதன் நீளத்தையே அனுப்புதல் வேண்டும். சி செயற்கூறும் தரப்பட்ட அளவுக்குமேற் படியெடாதிருத்தல் வேண்டும்.

பெயர் சரியாகச் சேமிக்கப்பட்ட பின்னர், அதன் சுட்டியைப் பைதனுக்குத் திருப்பித்தருமிடத்து வேறோர் இடருளது. 2006 முதல் பைதனோடு வரும் 'சிரைப்சு' நூலகம், வேறு கூறாவிடின், திரும்பிவருவது யாதாயினும் அதனை முழுவெண்ணென்றே கொள்ளும். 64 பிற் கணினியிலே சுட்டிக்கு 8 பைற்று; முழுவெண்ணுக்கு 4. முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு, எஞ்சியது யாண்டோ ஓரிடத்தைச் சுட்டும். திரும்பும் வகை இன்னதென அழைக்குமுன் ஒருவரியில் அறிவித்தால் இப்பிழை எழாது.