பீரங்கி மேடும் பத்துப் பிக்சலும்

எங்கள் சிறுவயதில் தஞ்சாவூர்ப் புது ஆற்றங்கரையில் உண்டிவில் இல்லாத பையன் கிடையாது. கொய்யாக் கவை, பழைய சைக்கிள் டியூப், வயல் களிமண்ணை உருட்டிக் காயவைத்த குண்டு. இக்கரையில் நின்று அக்கரைப் புளியங்கொத்தை அடிக்க வேண்டும். முதல் குண்டு தண்ணீரில் விழும். இரண்டாவது மரத்தைத் தாண்டும். மூன்றாவதில் கைக்குப் பிடிபட்டுவிடும். கன்னம் வரை இழு, காது வரை இழு என்போம். வேகத்துக்கு எங்களிடம் இருந்த அளவு அதுதான்.

அதே ஊரில், கீழ அலங்கத்துப் பீரங்கி மேட்டில் இருக்கும் பீரங்கி, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தது. 1620 வாக்கில் செய்தது. சுமார் 25 அடி நீளம், 20 டன்னுக்கு மேல் எடை. வார்த்ததல்ல, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து இணைத்தது. எறிந்த பொருள் பரவளையமாக வளைந்து போகிறது என்று கலிலியோ நூலாக வெளியிட்டது 1638இல். சூத்திரம் அச்சேறும் முன்பே பீரங்கி வந்துவிட்டது. அந்தக் கொல்லர்களை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இப்போது ஒன்பதாவது படிக்கும் என் அண்ணன் மகன், அவன் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில் அதே பீரங்கியை வரைந்து ஒரு விளையாட்டு எழுதுகிறான். "குண்டு எங்கேயோ போவுது சித்தப்பா" என்று வந்தான். எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறான். எங்கள் மூன்று குண்டுக் கணக்கேதான்.

காகிதம் எடுத்தோம். சமதரையில் 45 டிகிரியில் எறிவதென்றால், தூரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம். காற்றை விட்டுவிட்டால், 40 மீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு. இழுப்பு கொஞ்சம் கூடினாலும் குண்டு ஏன் மரத்தைத் தாண்டியது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

திரையில் மீட்டருக்குப் பதில் பிக்சல், நொடிக்குப் பதில் ஃபிரேம். அவன் வைத்த ஈர்ப்பு 0.2; இலக்கு 500 பிக்சல் தள்ளி. பெருக்கினால் 100, மூலம் 10. பக்கவாட்டில் 7.07, மேல்நோக்கி 7.07. திரையில் உயரத்தை மேலிருந்து கீழாக எண்ணுவதால் மேல்நோக்கிய வேகத்துக்குக் கழித்தல் குறி போட வேண்டும். அவன் சறுக்கியது அங்கேதான்.

திருத்தியும் குண்டு 7 பிக்சல் முன்னாலேயே விழுந்தது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஈர்ப்பை முழுதாகச் சேர்த்துவிட்டுக் குண்டை நகர்த்தியிருந்தான்; அதனால் ஒரு ஃபிரேம் முன்பே தரை தட்டியது. நகர்த்தும் முன் பாதி, நகர்த்திய பின் பாதி என்று பிரித்ததும் இலக்கில் விழுந்தது. எறிபொருள் இயக்கம் பதினொன்றாம் வகுப்புப் பாடம். குண்டு குறி தப்பியதால் இவனுக்கு அது இரண்டு வருடம் முன்பே வசப்பட்டது.

பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைப் பீரங்கி மேட்டுக்கும் அழைத்துப் போங்கள். வீடு திரும்பியதும் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுங்கள்.