இடதும் வலதும் கலக்கும் இடம்: அன்றும் இன்றும்

ஸ்டீரியோவில் பதிவான பாட்டை எடிட்டிங் மென்பொருளில் போட்டுக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே சத்தம். இடது காதில் கேட்க வேண்டிய வயலினும் வலது காதில் கேட்க வேண்டிய கிடாரும் ஒன்றாக நடுவில் வந்து நிற்கின்றன. சில நேரம் இன்னும் மோசம், ஒரு பக்கத்து வாத்தியம் அடியோடு காணாமல் போயிருக்கும். குறும்படம் எடுப்பவர், கச்சேரியைப் பதிந்து யூடியூபில் ஏற்றுபவர், வீட்டுப் பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றுபவர் என்று எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து முட்டுகிறார்கள். கோளாறு கோப்பிலா, மென்பொருளிலா, ஹெட்ஃபோனிலா என்று பிடிபடாமல் மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பவர்களும் உண்டு.

இது நேற்று முளைத்த சிக்கல் அல்ல. ஸ்டீரியோ வந்த காலத்திலிருந்தே அதை மோனோவாகக் கேட்டவர்கள் ஏராளம். ஆனால் அன்று இரண்டு சேனல்கள் ஒன்றானது பொறியாளர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு. இன்று அது யாரோ எப்போதோ தேர்ந்து வைத்த ஓர் அமைப்பால், நம் கண்ணில் படாமலே நடந்துவிடுகிறது. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிக் கோளாறு தீர்ந்த மாதிரி.

அன்று: கணக்குப் போட்டுச் செய்த கலப்பு

ஸ்டீரியோவுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆலன் புளூம்லைன். 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையிலேயே, இசைத்தட்டின் ஒரே பள்ளத்துக்குள் இரண்டு சேனல்களையும் செதுக்கும் முறை இருந்தது. அது கடைக்கு வர கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1958 வாக்கில்தான் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தன.

அந்தத் தட்டில் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது சேனல், எதிர்ச் சுவரில் வலது சேனல். இரண்டு சுவர்களும் 45 பாகை சாய்ந்திருப்பதால், ஊசி பக்கவாட்டில் ஆடும்போது கிடைப்பது இடதையும் வலதையும் கூட்டிய சத்தம். மேலும் கீழும் ஆடும்போது கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மோனோ பிளேயரின் ஊசிக்குப் பக்கவாட்டு அசைவை மட்டுமே படிக்கத் தெரியும். ஆக, ஸ்டீரியோ தட்டை அதில் போட்டாலும் பாட்டு முழுசாகக் கேட்டது. எந்த வாத்தியமும் விடுபடவில்லை.

பண்பலை வானொலியிலும் இதே கணக்குதான். 1961-இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட ஸ்டீரியோ ஒலிபரப்பு முறையில், இடதும் வலதும் கூட்டிய சத்தம் வழக்கமான இடத்திலேயே போகும். வித்தியாசம் மட்டும் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் தனியாக ஏறும். பழைய ரேடியோ வைத்திருந்தவர் கூட்டுத்தொகையைக் கேட்டார். புது ரேடியோ வாங்கியவர் இரண்டையும் எடுத்துப் பிரித்துக் கேட்டார். ஒருவருக்கும் நஷ்டமில்லை.

நம் ஊருக்கு மிக நெருக்கமானது கேசட். 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த அந்த நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்டீரியோ பதிவென்றால் அதற்குள் ஏ பக்கத்துக்கு இரண்டு தடம், பி பக்கத்துக்கு இரண்டு தடம். ஸ்பூல் டேப்பில் இரு பக்கத்துத் தடங்களும் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வரும். கேசட்டில் அப்படிச் செய்யாமல், ஒரு பக்கத்தின் இடதையும் வலதையும் ஒட்டியே வைத்தார்கள். மோனோ டேப் ரெக்கார்டரின் ஹெட் இரண்டு தடங்களின் மேலும் ஒருசேர உட்காரும், இரண்டையும் தானே கூட்டிவிடும். 1978-இல் வந்த 'பிரியா' படப் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். அப்படிப்பட்ட பாடல்களை ஒற்றை ஸ்பீக்கர் டூ-இன்-ஒன்னில் கேட்ட வீடுகள் எத்தனையோ. பிரிவு கேட்கவில்லையே தவிர, பாட்டு குறையவில்லை. அந்தக் குறையாமைக்குப் பின்னால், தடங்களை எந்த வரிசையில் வைப்பது என்று உட்கார்ந்து யோசித்த ஒருவர் இருக்கிறார்.

பாட்டை மிக்ஸ் செய்தவர்களுக்கும் இந்தப் பொறுப்பு இருந்தது. உலகின் பெரிய ஸ்டுடியோக்களில் பெரிய ஸ்பீக்கர்களின் பக்கத்திலேயே ஆரடோன் என்ற சின்னப் பெட்டி இருக்கும். மிக்ஸ் முடிந்ததும் அதில் மோனோவாகப் போட்டுக் கேட்பார்கள். இரண்டு சேனலையும் கூட்டும்போது ஏதாவது ஒரு குரலோ வாத்தியமோ தேய்ந்தால், கலந்த விதத்தில் தப்பு என்று அர்த்தம். மறுபடி உட்கார்ந்து சரிசெய்வார்கள்.

அன்று: கைக்கு எட்டிய கோளாறு

கோளாறுகள் அன்றும் இருந்தன, ஆனால் தொட்டுப் பார்க்கக்கூடியவை. ஒரு பக்கம் கேட்கவில்லையா? பேலன்ஸ் நாபைத் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு பின்னால் உள்ள ஸ்பீக்கர் வயர், அதன்பின் பின்னைக் கழற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பது. கோளாறு பக்கம் மாறினால் பிளேயரில், மாறாவிட்டால் வயரிலோ ஸ்பீக்கரிலோ.

டேப் ரிப்பேர்க் கடையில் நடந்த ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பாட்டு மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது என்று டேப்பைக் கொண்டுபோனால், மெக்கானிக் முதலில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பார். பிறகு பாட்டை ஓடவிட்டு, ஹெட்டின் பக்கத்தில் சின்ன ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் திருகில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை வைத்து மயிரிழை அளவு திருப்புவார். ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு சேனல் மற்றதைவிட நுண்ணிய நேரம் பிந்திவிடும். இரண்டையும் கூட்டும்போது உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தாளத்தின் பளபளப்பும் குரலின் 'ச', 'ஸ' ஒலிகளும் மங்கிவிடும். மோனோவாக்கிக் கேட்டால் இந்தச் சாய்வு சட்டென்று காதில் படும். திருகு சரியான இடத்துக்கு வந்ததும் பாட்டு பளிச்சென்று திறந்துகொள்ளும். அந்த நொடியில் நிறுத்தி, திருகு நகராமலிருக்க ஒரு சொட்டு பெயின்ட் வைப்பார். இரண்டு ஒன்றாவதை நன்றாகப் புரிந்துகொண்ட வேலை அது.

இன்று: எல்லாம் அமைப்புகளுக்குள்

இப்போது ஒரு ஸ்டீரியோ கோப்பு நம் காதுக்கு வருவதற்குள் பல படிகளைத் தாண்டுகிறது: கோப்பு, மென்பொருள் அதைத் துண்டாக எடுத்துக்கொள்ளும் விதம், டைம்லைனில் அது உட்காரும் டிராக், மொத்தக் காட்சித்தொடரின் வெளியீடு, கணினியின் ஒலி அமைப்பு, கடைசியாக ஹெட்ஃபோன். எந்தப் படியிலும் இரண்டு ஒன்றாகலாம். எதிலும் சத்தம் கரகரக்காது, விளக்கு எரியாது, எச்சரிக்கை வராது. இதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

முதல் படியை எடுத்துக்கொள்வோம். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளின் விருப்பத்தேர்வுகளில் டைம்லைன் பகுதிக்குப் போனால், ஸ்டீரியோ கோப்பை உள்ளே எடுக்கும்போது எப்படி நடத்துவது என்று ஒரு தேர்வு இருக்கும்: கோப்பில் உள்ளபடி, மோனோவாக, ஸ்டீரியோவாக என்று. அங்கே மோனோ என்றிருந்தால், ஒவ்வொரு ஸ்டீரியோ கோப்பும் இரண்டு தனித்தனி மோனோவாகப் பிரிந்து உள்ளே வரும். இரண்டும் நடுவில் நின்று ஒலிக்கும்.

இப்படி ஒரு தேர்வு எதற்கு? படப்பிடிப்பில் இருப்பவர்களுக்கு அது உயிர். கேமராவின் முதல் சேனலில் சட்டையில் குத்திய மைக், இரண்டாவதில் கேமரா மேல் உள்ள மைக் என்று பதிவார்கள். கோப்பு பார்வைக்கு ஸ்டீரியோ, உண்மையில் அது சம்பந்தமில்லாத இரண்டு மோனோ. அதைப் பிரிக்காவிட்டால் பேட்டி கொடுப்பவர் இடது காதில் மட்டும் பேசுவார். செய்திக்காரருக்குச் சரியான அமைப்பு, அதே கணினியில் அடுத்ததாகக் கச்சேரியை எடிட் செய்ய உட்காருபவருக்குத் தொல்லையாகிறது. அமைப்பை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றம் இனி உள்ளே வரும் கோப்புகளுக்குத்தான். ஏற்கெனவே எடுத்ததை ஆடியோ சேனல்கள் என்ற இடத்தில் தனியாக மாற்றி, டைம்லைனில் புதிதாக வைக்க வேண்டும்.

அடுத்தது டிராக். மோனோ டிராக்கில் ஸ்டீரியோ துண்டை வைத்தால் இடது, வலது பிரிவு கேட்காது. இன்னோர் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் டிராக்கின் தலைப்பில் வலது கிளிக் செய்தால் அதன் வகையை மாற்றலாம். துண்டின் பண்புகளில் ஆடியோ பக்கத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒலியை எடிட் செய்யும் மென்பொருளான ஆடாசிட்டியில் பிரிக்கும் கட்டளைகள் இரண்டு: ஒன்று ஸ்டீரியோவைப் பிரித்து இரண்டையும் தத்தம் பக்கத்திலேயே விடும், மற்றொன்று பிரித்து இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவரும். மெனுவில் அடுத்தடுத்து இருக்கும் இவற்றை மாற்றி அழுத்திவிட்டு, ஸ்டீரியோ எங்கே போனது என்று தேடுபவர்கள் நிறைய.

மென்பொருளைத் தாண்டினால் கணினி. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் அணுகல் வசதிகளுக்குள் மோனோ ஒலி என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரு காது மட்டும் கேட்பவருக்கு எந்த ஒலியும் விடுபடாமல் சேர்க்கும் அருமையான வசதி அது. ஒரு காது இயர்போன் பழுதானபோது அதைப் போட்டுவிட்டு மறந்தவருக்கு, பிறகு எந்த மென்பொருளிலும் ஸ்டீரியோ வராது.

இன்றைக்கு மிக அதிகமாக ஏமாற்றுவது புளூடூத். ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது ஒரு செயலி எடுத்துக்கொண்டால், இணைப்பு இசை கேட்கும் முறையிலிருந்து தொலைபேசி முறைக்குத் தாவிவிடும். உடனே சத்தம் மோனோவாகி, தரமும் இறங்கிவிடும். எடிட்டிங் மென்பொருளின் உள்ளீடாக அந்த மைக் இருந்தாலே போதும். உள்ளீட்டை வேறு மைக்குக்கு மாற்றினால் ஸ்டீரியோ தானே திரும்பும்.

படிப்படியாகத் தேடும் வழி

அன்றைய மெக்கானிக்கின் முறைதான் இன்றைக்கும் மருந்து. ஒலி வரும் பாதையில் ஒவ்வொரு படியாக நின்று கேட்க வேண்டும். அதற்குச் செலவில்லாத ஒரு கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். உங்கள் குரலில் "இடது" என்று சொல்லி இடது சேனலில் மட்டும், "வலது" என்று சொல்லி வலது சேனலில் மட்டும் பதிந்து ஒரு ஸ்டீரியோ கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் கணினியின் சாதாரண பிளேயரில் கேளுங்கள். அங்கேயே இரண்டு சொல்லும் இரண்டு காதிலும் கேட்டால் கோளாறு கணினியிலோ ஹெட்ஃபோனிலோ. அங்கே பிரிந்து கேட்டு டைம்லைனில் கலந்தால் கோளாறு துண்டிலோ டிராக்கிலோ. டைம்லைனில் சரியாக இருந்து, எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் கலந்தால் வெளியீட்டு அமைப்பில். ஒரு சொல் மட்டுமே கேட்டால் இரண்டும் கலக்கவில்லை, ஒன்று விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கோப்பே சந்தேகத்துக்குரியதா என்று பார்க்கவும் வழி உண்டு. திரையில் இரண்டு அலைவடிவம் தெரிவதால் அது ஸ்டீரியோ ஆகிவிடாது. இரண்டு சேனல்களையும் பிரித்து, ஒன்றின் அலைவடிவத்தைத் தலைகீழாக்கி, இரண்டையும் மோனோவாகக் கூட்டிப் பாருங்கள். முழு நிசப்தம் வந்தால் இரண்டிலும் இருப்பது ஒரே சத்தம். அது ஸ்டீரியோ உருவில் வந்த மோனோ. எந்த அமைப்பை மாற்றினாலும் அதில் இல்லாத பிரிவு வராது. ஏதாவது மிஞ்சிக் கேட்டால், அந்த மிச்சம்தான் இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றுபவர்களுக்கு

இந்தக் கவனம் எங்கும் தேவை என்றாலும், பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது அது கட்டாயம். உள்ளூர்க் கச்சேரி, நாடகம், கோயில் விழா நாகஸ்வரம் என்று வேறெங்கும் பிரதி இல்லாத ஒலிகள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றை லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் நேரே செருகிப் பதிகிறார்கள். ஹெட்செட்டின் பின்னைக் கையில் எடுத்துக் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று வளையம் இருந்தால் தொடும் இடம் நான்கு: இடது, வலது, பூமி, மைக். காதுக்குப் போக இரண்டு வழி, மைக்கிலிருந்து உள்ளே வர ஒரே வழி. அந்தத் துளையில் ஸ்டீரியோ உள்ளே போகவே முடியாது. இரண்டு சேனல் உள்ளீடு கொண்ட யூ.எஸ்.பி. கருவி வேண்டும். அதன்பின் கணினியில் அந்தக் கருவியின் பண்புகளிலும் பதிவு மென்பொருளிலும் இரண்டு சேனல் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில கணினிகள் அதை வெறும் மைக்காக நினைத்து ஒற்றைச் சேனலில் வைத்துவிடும்.

ஒன்றாக்க வேண்டிய நேரமும் உண்டு. பேச்சுப் பதிவுக்கு மோனோ போதும். ஃபோன் ஸ்பீக்கரிலும் திருவிழாக் குழாயிலும் நம் பாட்டு ஒன்றாகித்தான் கேட்கப்போகிறது, அதனால் மிக்ஸை மோனோவில் சோதிப்பது இன்றும் கடமை. ஆனால் அந்தக் கூட்டல் எங்கே நடக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். இரண்டைக் கூட்டி ஒன்றாக்குவது எந்த நாளிலும் முடியும். ஒன்றாகிவிட்டதைப் பழையபடி இரண்டாக மீட்க முடியாது. அதனால் கேசட் பதிவதாக இருந்தால், முதல் ஐந்து நிமிடத்தைப் பதிந்து, தலைகீழாக்கிக் கூட்டும் சோதனையைச் செய்யுங்கள். கேசட் ஸ்டீரியோ என்று தெரிந்தும் நிசப்தம் வந்தால், அங்கேயே நிறுத்தி வயரிலிருந்து ஒவ்வொரு படியாகப் பாருங்கள். பதிவு முடிந்தபிறகும் மூலக் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்.